பெண் பார்க்க வந்த அன்று சியாமளா அழுதாள்

எனக்கு வந்த முதல் சம்பந்தம் ஒரு பூனையால் குழம்பியது என்றுதான் எங்கள் சொந்தக்காரர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. அது நாலு மனிதர்களால் குழம்பியது. அந்த நால்வரில் ஒருத்தி நான். அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் பொய் சொல்லாமல் வாய் திறந்த ஒரே சீவன் அந்தப் பூனைதான்.

பூனைகளில் எத்தனையோ சாதி உண்டு. பாரசீகப் பூனை பார்க்க அழகாயிருக்கும். பஞ்சு வைத்த தலையணையும் அப்படித்தான். வாலே இல்லாத ஒரு சாதி இருக்கிறதாம், அவர்களுக்கு என் அனுதாபம். எங்கள் ஊர்ப் பூனை கெட்டிக்காரி, மீன்சட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் திறப்பாள், அதற்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே சியாம் பூனை இருக்கிறது. மற்றப் பூனைகள் கத்தும். சியாம் பூனை கதைக்கும். (கதைக்கும் என்றால் கதைக்கும்தான். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அது இரண்டு சொல் சொல்லும். கடைசிச் சொல் எப்போதும் அதனுடையது.) இந்தக் கருத்தால் என் இருபத்தைந்தாவது வயதில் ஒரு மாப்பிள்ளை கைநழுவினார். கருத்தில் இன்றுவரை மாற்றமில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவும் சித்தப்பாவும் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். வெள்ளவத்தையில் அவர்கள் வீடு எரிந்துவிட்டது. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது சின்னம்மாவின் கையில் மூடி போட்ட ஒரு பிரம்புக் கூடை மட்டும் இருந்தது. அம்மா அழுதுகொண்டே, கூடைக்குள் நகைநட்டு ஏதாவது தப்பியிருக்கும் என்ற நம்பிக்கையில் அதை வாங்கினாள்.

"ஒண்டும் கைக்கு வரேல்லை அக்கா," என்றாள் சின்னம்மா. "நாங்கள் ஓடேக்கை இது தானா வந்து கூடைக்குள்ள ஏறினது."

மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு முகம் எழும்பியது. உடம்பு பாலாடை நிறம். முகம், காது, பாதம், வால் எல்லாம் அடுப்புக்கரியில் தோய்த்தெடுத்த மாதிரிக் கறுப்பு. நீலக் கண்கள் இரண்டும் தன் மூக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ, நெருப்புக்குள்ள அம்பிட்டதோ?" என்று அம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

"இல்லை மச்சாள், அதின்ரை நிறமே உதுதான். சியாம் பூனை. ராசா வீட்டுச் சாதி," என்றார் சித்தப்பா. வந்த களைப்பிலும் அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

அம்மா நம்பவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்த்தாள். முகம் வெளுக்கவில்லை, அம்மாவின் இரண்டு கையும் சிவந்ததுதான் மிச்சம். சியாமிலிருந்து வந்தவள், முகம் கறுத்தவள் என்பதால் சித்தப்பா அவளுக்குச் சியாமளா என்று பெயர் வைத்திருந்தார். மனிதப் பெயர் வைத்தது அவர் குற்றம். அந்தப் பெயரால் பின்னால் என்ன நடக்கும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

சில மாதங்களில் அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். போகும் நாள் சின்னம்மா கூடையை என் மடியில் வைத்தாள். "பவா, இவளை நீ பார். கதைச்சால் பதில் சொல்லு. சொல்லாட்டில் கோவிப்பாள்."

நான் அப்போது தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு சியாம் பூனையும் கிடைத்து, பள்ளிக்கூட நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியமும் கிடைத்தால் ஒரு விஞ்ஞான ரீச்சர் என்ன ஆவாள்? தாங்கமுடியாதவள் ஆவாள். சியாம் குட்டி பிறக்கும்போது முழு வெள்ளை. உடம்பில் சூடு குறைந்த இடங்களான மூக்கும் காதும் காலும் வாலும் பிறகு கறுக்கும். அதனால் குளிர்நாட்டில் கருமை கூடும், எங்கள் வெயிலில் குறையும். இதை நான் மாணவிகளுக்குச் சொன்னேன், மீன்காரருக்குச் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சியாமளாவின் வால் நுனியில் ஒரு மடிப்பு இருந்தது. அந்த நாட்டு அரசகுமாரிகள் குளிக்கப் போகும்போது மோதிரங்களைப் பூனையின் வாலில் கோத்துவிடுவார்களாம், அவை கழன்று விழாமலிருக்க வால் அப்படி மடிந்ததாம் என்று ஒரு கதை உண்டு. "கதவுக்குள்ள நசிஞ்சிருக்கும்," என்பது அம்மாவின் கட்சி.

இந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். வருடத்தில் சில தடவை சியாமளாவுக்கு, கத்திக் கத்தி ஆண்பூனையைக் கூப்பிடுகிற, கடுவன் தேடும் காலம் வரும். அப்போது அவளை என் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் அவள் தரத்துக்கு ஏற்ற கடுவன் இல்லை என்பது என் முடிவு. எங்கள் மதிலில் திரிந்த ஒற்றைக்காதுக் கடுவனைத் தும்புத்தடியால் அடித்துக் கலைப்பேன். அப்பா ஒரு நாள் பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனிசருக்குச் சாதி பாக்கக்கூடாதெண்டு மேடை போட்டுக் கதைக்கிற பிள்ளை, பூனைக்கு எல்லோ பாக்குது."

"அது வேறை அப்பா. இது வம்சத் தூய்மை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை," என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரைத் திரும்ப உயர்த்தினார். (உடனே எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.)

எண்பத்தைந்தில் தரகர் கந்தையா உடுப்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கணக்காளர். ஒரே மகன், தகப்பன் இல்லை, தாயும் மகனும் மட்டும். சாதகம் பொருந்தியது. அம்மா ஒவ்வொரு கோயிலுக்கும் ஒவ்வொரு நேர்த்தி வைத்தாள். நான் தரகரை வாசல் படலையடியில் மறித்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்.

"சியாமளாவும் என்னோடை வருவாள். அதை அவையளுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ. விருப்பமெண்டால் மட்டும் பாக்க வரட்டும்."

இரண்டு நாளில் தரகர் திரும்பி வந்தார். "சொல்லியாச்சுப் பிள்ளை. அவையளுக்கு ஒரு பிரச்சினையுமில்லை."

அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பூனையைப் பற்றிக் கதைத்தால் நல்ல காரியம் கெடும் என்று நினைத்தாராம். அம்மாவும் அதே கட்சி. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களின் கண்ணில் பூனை படக்கூடாது, குறுக்கே போகவே கூடாது, ஆகவே சியாமளா அறைக்குள் இருக்கவேண்டும், வந்தவர்கள் கேட்டாலும் பூனை என்ற சொல் ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இவர்கள் ஏன் வீணாக ஒளிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் அன்றைக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன்.

"கத்த மாட்டாளோ?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தக் காலம் போன கிழமையே முடிஞ்சுது. இப்ப நித்திரை கொள்ளுவாள். நான் விஞ்ஞான ரீச்சரம்மா," என்றேன்.

ஞாயிறு காலை ஒரு பழைய ஓஸ்ரின் கார் படலையில் வந்து நின்றது. மாப்பிள்ளைதான் ஓட்டிவந்தார். பின்னால் அவர் தாயார், முன்னால் தரகர். விறாந்தைக் கதிரைகளில் அவர்களை இருத்தினோம். நான் பச்சைச் சேலையில் தேத்தண்ணித் தட்டோடு போனேன். மாப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகான சப்பாத்துத்தான். தாயார் மெலிந்த, நேரான மனிசி. பயத்தம் பணியாரத்தை ஒரு கடி கடித்துவிட்டு, நல்ல விதமாகத்தான் தொடங்கினார்.

"பிள்ளை தெல்லிப்பழையிலை படிப்பிக்கிறா எண்டு தரகர் சொன்னவர்."

"ஓம்."

"சைக்கிளிலையோ போறது?"

"ஓம்."

அப்போதுதான் உள்ளே சியாமளா தொடங்கினாள். சியாம் பூனையின் குரலைக் கடுவன் தேடும் காலத்தில் கேட்காதவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பசித்த மூன்று மாதக் குழந்தை ஒன்று, தன் பசியைப் பற்றித் தானே வழக்குப் பேசினால் எப்படியிருக்கும்? அப்படி.

தாயாரின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "குழந்தை அழுகுது."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை," என்றார் அப்பா.

அதே நேரம் குசினி வாசலிலிருந்து அம்மா, "றேடியோ," என்றாள்.

தரகர் இரண்டையும் பொருத்திவிட நினைத்தார். "பக்கத்து வீட்டு றேடியோ."

அப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லப் போகவே கூடாது. அவர் காது சிவந்து, பார்வை தானாக என் அறைக் கதவுக்குப் போனது. எல்லாருடைய பார்வையும் அதன் பின்னால் போனது. கதவின் மறுபுறம் பிறாண்டும் சத்தம். பிறகு இன்னொரு நீண்ட அழுகை.

"அறைக்குள்ள இருந்தெல்லோ கேக்குது," என்றார் தாயார்.

அம்மா குனிந்து என் காதில் இரகசியம் சொன்னாள். அம்மாவின் இரகசியம் சந்தி வரை கேட்கும். "சியாமளாவுக்குப் பால் குடுத்தனியோ?"

"ஆர் சியாமளா?" என்றார் தாயார்.

அப்பாவால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும், பூனை என்ற சொல்லையும் சொல்லக்கூடாது. பாவம், இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "அது... பவாவின்ரை."

எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்து, சம்மதித்து வந்தவர்களுக்கு முன்னால் என் சியாமளாவைக் களவாய்ப் பிடித்த பொருள் மாதிரி ஒளிக்கிறார்களே! தட்டை மேசையில் வைத்தேன். சத்தமாகவே வைத்தேன்.

"ஓம், சியாமளா என்ரைதான். நான்தான் வளர்க்கிறன். இதிலை ஒளிக்க என்ன இருக்கு? தரகர் ஐயா எல்லாம் சொன்னவர்தானே."

தரகர் ஐயா முகட்டு வளையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் தாயார். குரல் மெலிந்துவிட்டது. "எத்தினை வயசு?"

"மூண்டு நடக்குது."

"தேப்பன்?"

(இந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோசம் தந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பூனையின் பரம்பரையை விசாரிக்கிற மாமியார்! இப்படிப்பட்ட வீட்டில் போய் வாழக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.)

"தேப்பனை நான் கண்டதில்லை. கொழும்பிலை எங்கையோ. ஆனால் அசல் சியாம் வம்சம்."

"சியாமோ?"

"தாய்லாந்து. அங்கத்தை அரச குடும்பத்தோடை தொடுப்பு இருக்கு."

மாப்பிள்ளை முதல்முறையாகச் சப்பாத்தை விட்டுத் தலையை நிமிர்த்தினார். "வெளிநாட்டுக்காரனோ?"

"ஓம். அதுதான் கண் நீலம்," என்றேன் பெருமையோடு. "முகம் மட்டும்தான் கறுப்பு. கண் மூக்கைத்தான் பாக்கும், கொஞ்சம் வாக்குக்கண், ஆனால் அந்தச் சாதிக்கு அதுதான் அழகு. இண்டைக்குக் கொஞ்சம் கத்துறாள், மற்றும்படி நல்ல குணம். என்ரை கட்டிலிலைதான் படுக்கிறவள். கலியாணத்துக்குப் பிறகும் அப்பிடித்தான்."

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா வாசல்நிலையில் சாய்ந்தபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். தாயார் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினார்.

"தம்பி, எழும்பு."

அவர்கள் படிக்கட்டில் இறங்கும்போதுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. "பூனை! ஐயோ, அது பூனையம்மா! பூனை!"

தாயார் திரும்பியும் பார்க்கவில்லை. "பொய்க்கும் ஒரு அளவு வேணும். பூனையெண்டால் பூனை மாதிரியெல்லோ கத்தவேணும்?"

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. கடந்த ஐந்து நிமிடமாக நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் வரிசையாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. தேப்பனை நான் கண்டதில்லை. கொழும்பிலை எங்கையோ. மண் பிளந்தால் போய்விடுவேன் என்று நின்றேன். மண் அசையவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் மட்டும் எழும்பின.

அம்மா நிரூபித்தே தீருவது என்று ஓடிப்போய் என் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். சியாமளா பாலாடை நிற மின்னல் மாதிரி வெளியே வந்தாள். மாப்பிள்ளைக்குக் குறுக்கே ஓடினாள். தரகருக்குக் குறுக்கே ஓடினாள். எந்தச் சகுனம் நடக்கக்கூடாது என்று அவளைப் பூட்டி வைத்தோமோ அதை இரண்டு தரம் நடத்திவிட்டு, கார் யன்னலால் பாய்ந்து, அதற்குள் போய் இருந்துவிட்ட தாயாரின் மடியில் விழுந்தாள்.

"குரங்கு! குரங்கு!" என்று உள்ளேயிருந்து ஓர் அலறல்.

நான் சேலைக் கொய்யக மடிப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினேன். ஒரு சாதாரணப் பெண்ணாயிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் யன்னலுக்குள் தலையை விட்டு, "பயப்பிடாதேங்கோ! பிறக்கேக்கை முழு வெள்ளை, சூடு குறைஞ்ச இடமெல்லாம் பிறகுதான் கறுக்கிறது!" என்று பாடம் எடுத்தேன்.

தாயார் என்னைக் கவனிக்கவேயில்லை. ஏனென்றால் சியாமளா முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் வைத்து, காதோடு வாயை வைத்து ஏதோ நீளமாக முறையிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்திலும் அந்த அம்மாவின் வாயிலிருந்து தன்பாட்டில் ஒரு சொல் வந்தது.

"என்னடி?"

சியாமளா பதில் சொன்னாள். தாயாரின் கை தானாகவே அவள் முதுகில் போய் இருந்தது. அதைக் கண்டது நான் மட்டும்தான்.

மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். "அட, பூனைதான்," என்றார்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. தரகர் உயிர்த்தெழுந்து, "நான் அப்பவே சொன்னனெல்லோ!" என்றார். அம்மா கும்பிட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆக, எல்லாம் சரி. அந்த இடத்தில் இந்தக் கதை முடிந்திருக்கும், நான் உடுப்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டும் இருப்பேன்.

மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குச் சம்மதம். ஆனால் உதைக் கலியாணத்துக்கு முதல் எங்கையும் கொண்டுபோய் விட்டிடுங்கோ. எங்கடை வீட்டுக்குச் சரிவராது."

கோபமாகச் சொல்லவில்லை. உடைந்த கதிரை ஒன்றை எடுத்து அப்பால் வைக்கச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அதுக்கென்ன தம்பி, நாளைக்கே ஒரு சாக்கிலை கட்டி..." என்று அம்மா தொடங்கினாள்.

"ஏலாது," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேலித் தலைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

"ஒரு வீடு முழுக்க எரியேக்கை இது ஒண்டுதான் தப்பி வந்தது. இதைச் சாக்கிலை கட்டி விட்டிட்டு எனக்கு ஒரு வீடு வேண்டாம். நீங்கள் வேறை இடம் பாருங்கோ."

மாப்பிள்ளை திகைத்து அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன், அந்த வயதிலும். அப்பா கண்ணாடியை மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை சொன்னதுதான் தம்பி," என்றார்.

மாப்பிள்ளை காரில் ஏறினார். தாயார் சியாமளாவைத் தூக்கி யன்னலால் என்னிடம் நீட்டினார். எறியவில்லை, நீட்டினார். ஆனால் நான் இறுக்கிப் பிடிக்க முதலே அவள் என் கையிலிருந்து வழுகி, மதிலில் பாய்ந்து, ஒற்றைக்காதுக் கடுவன் இருந்த திசையில் மறைந்துவிட்டாள். என் வம்சத் தூய்மைக் கொள்கை அன்று அந்த மதிலைத் தாண்டிப் போனதுதான், திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு ஊர் இரண்டு கட்சியானது. ஒரு கட்சி, எனக்குத் தாய்லாந்துக்காரனுக்குப் பிறந்த வாக்குக்கண் பிள்ளை ஒன்று இருக்கிறது என்றது. மற்றக் கட்சி, நான் ஒரு பூனைக்காகக் கணக்காளர் மாப்பிள்ளையை வேண்டாமென்று அனுப்பினேன் என்றது. இதில் இரண்டாவதுதான் பெரிய வெட்கக்கேடு என்பது பொதுவான அபிப்பிராயம். முதல் கட்சிக்காரரில் இரண்டு பேர் குழந்தைச் சவர்க்காரத்தோடு பார்க்கவே வந்தார்கள். நான் சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு சியாமளாவைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூனை ரீச்சர் என்று பெயர் வந்தது. கரும்பலகையில் யாரோ பூனை கீறி வைத்திருந்தார்கள். காது சரியில்லை என்று சொல்லித் திருத்திக் கீறிக் காட்டினேன். அம்மா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை சியாமளாதான்.

பிறகு அவள் குட்டி போட்டாள். ஒன்றுக்காவது கறுத்த முகம் இல்லை. எல்லாம் ஒற்றைக்காதுக் கடுவனின் அச்சு, நல்ல காலமாகக் காது மட்டும் இரண்டு.

"ராசவம்சம் எங்கை பிள்ளை?" என்றார் அப்பா.

"உள்ளுக்குள்ள ஒளிச்சிருக்கு. அடுத்த தலைமுறையிலை வரும்," என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பா சிரித்ததைப் பார்த்தால் அவர் பாடப்புத்தகத்தை நம்பவில்லை.

குட்டிகள் பால் மறந்து ஓடித்திரிந்த நாளில் தரகர் கந்தையா படலையில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். உள்ளே வரத் துணிவில்லை.

"உடுப்பிட்டி அம்மா ஒரு குட்டி கேட்டவ. அங்கை எலி கூடிப்போச்சாம்."

"ஏன், உடுப்பிட்டியிலை பூனையள் இல்லையோ?"

தரகர் கொஞ்சம் யோசித்தார். "கதைக்கிற பூனையின்ரை குட்டிதான் வேணுமாம்."

மாப்பிள்ளை அதற்குள் வேறொரு பெண்ணைக் கட்டி லண்டனுக்குப் போய்விட்டார் என்று அவர்தான் சொன்னார். நான் ஒரு பெட்டை, ஒரு கடுவன் என்று இரண்டு குட்டிகளைக் கடகத்தில் வைத்து நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். போகாதே என்று அம்மா சொன்னாள். அதனால்தான் போனேன் என்றும் சொல்லலாம்.

நாலு அறை வீட்டில் அந்த அம்மா தனியாக இருந்தார். கடகத்துக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"உன்ரை பூனை மாதிரி இல்லையே?"

"இதுகளின்ரை குட்டியளிலை வரும் மாமி."

"சகோதரத்துக்குள்ளயோ? சீ!"

"பூனையளுக்கு ஆர் சொல்லி விளங்கப்படுத்துறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி தந்தார். பிறகு வெளியே பார்த்தபடி, "அண்டைக்கு உன்னைப் பற்றி என்னென்னவோ நினைச்சுப்போட்டன்," என்றார்.

"நானும் உங்களைப் பற்றி நினைச்சனான் மாமி," என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேத்தண்ணி ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் தரகர் மூச்சிரைக்க வந்தார். உடுப்பிட்டியில் குட்டி பிறந்து, அதில் ஒன்று வெள்ளையாயிருந்து, இப்போது மூக்கிலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறதாம். ஏதும் நோய் வருத்தமோ என்று உடுப்பிட்டி அம்மா கேட்டுவரச் சொன்னாவாம். நான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். (பாடப்புத்தகத்தை நம்பாதவர் நேரே வந்து பார்க்கட்டும்.) கரி பூசிய மூக்கும் நீலக் கண்ணுமாய் ஒரு குட்டி விறாந்தையில் இருந்து மாமியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தது. மாமி விட்டுக்கொடுக்கவில்லை. குட்டியும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "ம்," என்றார். அப்பாவிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பித்தவர். அவருக்குப் பூனை பிடிக்காது, இன்றுவரை பிடிக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாள் சியாமளா அவருக்குப் போட்ட கதிரையில் படுத்திருந்தபோது, அவர் நின்றபடியே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கலியாண வீட்டுக்கு உடுப்பிட்டி மாமி பட்டுச்சேலை கட்டி, பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே போய் முன்வரிசையில் இருந்துகொண்டார். யார் இவர் என்று பந்தலில் குசுகுசுப்பு எழும்பியது. முன்பு பெண் பார்த்துவிட்டுப் போனவரின் தாய் என்று எப்படிச் சொல்வது? அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் போய் மரியாதையாகவே கேட்டார்.

"நீங்கள் பொம்பிளைப் பகுதியோ, மாப்பிளைப் பகுதியோ?"

மாமி நிமிர்ந்து இருந்தபடி, பந்தலுக்கே கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

"நான் பூனைப் பகுதி."

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாண வீட்டிலும், என்ன முறை என்று ஒருவருக்கும் தெரியாத, ஆனால் வராவிட்டால் குறையாகத் தெரிகிற ஓர் ஆளைக் கண்டால், "ஆர் உவர்?" என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான்: "பூனைப் பகுதி." கேட்பவர் அதற்குமேல் விசாரிப்பதில்லை. நேரே பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய் இலை போட்டுவிடுவார்.